மூன்றாம் பக்கத்தில் இருந்தது

அன்பு மகனுக்கு,

அம்மா சொல்லத் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகம் என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்கிறாய், ஆனால் இன்று நீ சொன்ன "நல்லா இருக்கேம்மா"வில் சளி இருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்து குரல் கேட்டவளிடம் மூக்கை மறைக்க முடியுமா. குளிர்கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவனுக்குச் சளி பிடிப்பது புதிதா என்று சொல்லித் தப்பிக்காதே, இரண்டு காலுறையாகப் போட்டுக்கொள், ஈரத் தலையோடு உள்ளே போகாதே. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் உம் உம் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய், காகிதத்தில் வந்தால் சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போது இன்னொரு தரமாவது கண்ணில் படும். அதற்குத்தான் மாதம் ஒரு கடிதம் என்று நான் விடாமல் வைத்திருக்கிறேன், இவளுக்கும் கையெழுத்து ஒழுங்குக்கு வரும்.

இங்கே பெரிய சேதி, ஆஸ்பத்திரியில் பழைய போர்டை எடுக்கிறார்கள். இனி வெளியிலிருந்து கூப்பிட்டால் நான் "வணக்கம், யார் வேணும்" என்று கேட்கமாட்டேன், ஒரு மிஷின் பொம்பளை எடுத்து ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று சொல்வாள். சோதனைக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்கே எலும்பு டாக்டர் என் அறைக்கு ஓடி வந்து, "உங்க மிஷினுக்குள்ள மாட்டிக்கிட்டு பத்து நிமிஷமா சுத்திட்டிருக்கேன்மா, கையைப் பிடிச்சு வெளிய இழுத்து விடுங்க" என்றார். பிறவியிலிருந்து கண் தெரியாத நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டிய காலம் வந்துவிட்டது பார் என்று சிரித்தோம். ஒரு ராத்திரி முழுக்க கரண்ட் இல்லாதபோது எல்லாரும் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்கள், நான் ஒருத்திதான் ஒரு அழைப்பு தவறாமல் போர்டை நடத்தினேன், அதை இப்போது யார் நினைக்கப்போகிறார்கள். போகட்டும். புதிதாக வந்திருக்கிற நிர்வாக அதிகாரி, நான் சாவிக்கொத்து என்று பெயர் வைத்திருக்கிறேனே, இடுப்பில் சாவி குலுங்குவது மூன்று வராந்தா தள்ளிக் கேட்கும், அவரே இந்த மாதம் இரண்டாம் தேதி என்னிடம் வந்து ஒரு ஒப்புதல் காகிதம் கொடுத்தார். உங்க நல்லதுக்குத்தான், வேலை மாறுதே, வீட்டில் யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு நாளைக் காலையில் கொடுத்துவிடுங்கள் என்றார். இவள் படித்துக் காட்டினாள், நானும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து எனக்கு விசாரணைப் பிரிவு என்று நினைக்கிறேன், கீழ்த்தளம், பேசும் கம்ப்யூட்டர். சாப்பாட்டு நேரத்தில் டைப்பிஸ்ட் அக்காவின் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு பழகி வருகிறேன். அது என்னைவிட வேகமாகப் பேசுகிறது, அதட்டி மெதுவாக்கி வைத்திருக்கிறேன்.

நாலு வருஷம் மனு எழுதி வாங்கினேனே, காலுக்குத் தெரியும்படி மேடு வைத்த மஞ்சள் கல், வாசலிலிருந்து லிப்ட் வரைக்கும் போட்டார்களே, அதன்மேல் இப்போது ஆக்சிஜன் சிலிண்டரை வரிசையாக நிறுத்துகிறார்கள். செவ்வாய்க்கிழமை முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டேன். நகர்த்துங்கப்பா என்றால், "கல்லு எங்கேயும் போகலையேம்மா, அடியில பத்திரமா இருக்கு" என்கிறான் ஒருவன். காயம் ஆறிவிட்டது, நீ கவலைப்படாதே.

எனக்குக் கவலை இவளைப் பற்றித்தான். பத்து நாளாகத் தட்டில் பாதி அப்படியே இருக்கிறது, கழுவும்போது கைக்குத் தெரிகிறதே. கணக்குப் பரீட்சை சரியில்லையா என்றால் நன்றாக எழுதினேன் என்கிறாள். பஸ்ஸுக்குப் போகும்போது இவள் முழங்கையைப் பிடித்தால் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வருகிறது. இதை எழுதும்போதும் பார், பேனா நின்று நின்று போகிறது. நீ ஒரு வார்த்தை கேள், உன்னிடம் சொல்வாள். உன் அப்பா படுக்கையில் விழும்வரை எனக்கு வரும் காகிதத்தை அவர் படித்தார், பிறகு நீ, இப்போது இவள். வேறு யாரிடமும் நான் கையேந்தி நின்றதில்லை. நீயும் அங்கே ஒப்பந்தம் அது இது என்று எதை நீட்டினாலும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. மீதியை நாளைக்குச் சொல்கிறேன், இவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது.

அண்ணா, இனிமேல் எழுதுவது நான். அம்மா சொன்னது மேலே முடிந்துவிட்டது. அவள் தூங்கி ஒரு மணி நேரம் ஆகிறது. அம்மாவுக்குத்தான் வெளிச்சம் தெரியாதே, ராத்திரியில் எழுதுவதற்கு என்ன பயம் என்று நினைப்பாய். வெளிச்சம் தெரியாது, ஸ்விட்ச் தட்டுகிற சத்தம் தெரியும். அதனால் சாயங்காலமே போட்ட விளக்கை அணைக்காமல் விட்டுவிட்டேன். தாளுக்கு அடியில் துண்டை மடித்து வைத்து எழுதுகிறேன், பேனா கீறுகிற சத்தம் வராது. போனில் உன்னிடம் தனியாகப் பேச முடியாது, ஒரே அறை, ஸ்பீக்கரில்தான் பேசுகிறோம். இந்த வீட்டில் அம்மாவுக்குத் தெரியாமல் செய்யக்கூடியது எழுதுவது ஒன்றுதான். அதைச் செய்கிறேனே என்றும் பயமாக இருக்கிறது.

அம்மாவுக்கு விசாரணைப் பிரிவு இல்லை. அம்மாவுக்கு வேலையே இல்லை. இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அந்த ஒப்புதல் காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. அது நாலு பக்கம். மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை. முதல் பக்கத்தில் போர்டை எடுப்பது, நவீனமாக்குவது, ஊழியர்களின் பணி மாறுவது என்று இருந்தது, அதைப் படித்தேன். இரண்டாம் பக்கம் முழுக்க "மேற்படி" "மேற்படி" என்று ஆரம்பித்தது. உனக்கு நினைவிருக்கும், நீ வெளிநாடு போகுமுன் இந்த வேலையை எனக்குப் பழக்கிவிட்டபோது சொன்னாய், "மேற்படின்னு ஆரம்பிச்சா உள்ள ஒண்ணும் இருக்காது, தாண்டிடு, இல்லேன்னா விடியற வரைக்கும் வாசிக்கணும்" என்று. கரண்ட் பில், பேங்க் கடிதம், சங்கத்து நோட்டீஸ் எல்லாம் நான் அப்படித்தான் தாண்டித் தாண்டிப் படித்திருக்கிறேன், ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை. அன்றைக்கும் இரண்டாம் பக்கத்தையும் மூன்றாம் பக்கத்தையும் தாண்டிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் "இதன்படி ஒப்புக்கொள்கிறேன்" என்றதை மட்டும் படித்தேன். எல்லாம் படிச்சியா என்று அம்மா கேட்டாள். படிச்சிட்டேம்மா என்றேன். கையெழுத்துக்கென்று ஓட்டை வெட்டிய அட்டையைக் கோட்டின் மேல் வைத்து அம்மாவின் விரலை அதில் வைத்தேன். அவள் போட்டாள். அடியில் "படித்துக் காட்டியவர்" என்று இன்னொரு கோடு இருந்தது. அதில் நான் போட்டேன்.

ஐந்து நாள் கழித்து கணக்கு போட்டுப் பார்க்கத் தாள் இல்லாமல், அம்மா காகிதத்தைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்த நகலின் பின்பக்கத்தில் போட்டேன். வட்டத்தின் பரப்பு. மை முன்பக்கம் ஊறிவிட்டதா என்று திருப்பினேன். அதுதான் மூன்றாம் பக்கம். "எனது பார்வையின்மை காரணமாக வேறெந்தப் பணியும் என்னால் செய்ய இயலாது என்பதையும், மாற்றுப் பணி கோரும் என் உரிமையை நானே விட்டுக்கொடுக்கிறேன் என்பதையும், மாத இறுதியில் என் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகுகிறேன் என்பதையும்" என்று இருந்தது. மூன்று தரம் படித்தேன். அதற்கப்புறம் நாலாம் பக்கத்தையும் படித்தேன், அதில் என் கையெழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், "முழுவதும் படித்துக் காட்டினேன், பொய்யெனில் தண்டனைக்குரியவர் ஆவேன்" என்று இருந்தது. என்ன தண்டனை என்று அதில் இல்லை. இல்லாததுதான் பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போலீஸ் வருவார்களா அண்ணா.

அம்மா தினமும் வந்து பேசும் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்கிறாள். இன்றைக்கு மருந்தகம் என்று தானே அடித்தேன், தப்பில்லாமல் திரும்பச் சொன்னது என்கிறாள். பக்கத்து வீட்டு அத்தையிடம், இனி நான் கீழ்த்தளம், வந்தால் என்னிடம் நேராக வாங்க என்று சொல்லி வைத்திருக்கிறாள். நான் சொல்லிவிடுகிறேன் என்று வாயைத் திறப்பேன். அவள் உடனே என்ன பாப்பா என்பாள். மூச்சு இழுப்பதிலேயே கண்டுபிடித்துவிடுகிறாள். ஒன்றும் இல்லைம்மா என்று சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு, ஊனமுற்றோர் உரிமை அலுவலகத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரி நோட்டீஸ் பலகையில் அந்த விலாசம் இருந்தது. அந்த அலுவலகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது அண்ணா. லிப்ட் கதவில் கயிறு கட்டி, வேலை செய்யவில்லை என்று அட்டை தொங்கியது. மாடிப்படிக்குக் கீழே சக்கர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், டெய்லராம், கழுத்தில் அளவு நாடா கிடந்தது. ஒரு கிளார்க் அம்மா மேலேயிருந்து பைலைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்து அவருடைய மனுவை எழுதிக்கொண்டிருந்தார். டெய்லர் என்னைப் பார்த்து, "நீ போம்மா, உனக்குக் கால் இருக்கு, மேல போயி உன் உரிமையை வாங்கிக்க, எனக்கு இங்கேயே பார்சல்" என்றார். கிளார்க் அம்மா தலையை நிமிர்த்தாமல், "லிப்டுக்கு நானும் நாலு வருஷமா எழுதிக் குடுத்திட்டுத்தான் இருக்கேன், ஊசி பிடிக்கிறவரு நீங்க, என்னையும் சேர்த்துக் குத்தாதீங்க" என்றார்.

என் தோழியின் அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று நான் கதையை மாற்றிச் சொன்னேன். கிளார்க் அம்மா நகலை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை, ஒரு வரி விடாமல், விரல் வைத்துப் படித்தார். பார்த்துக்கொண்டு நிற்கவே வெட்கமாக இருந்தது. பிறகு சொன்னார், கண் தெரியாதவருக்குக் கொடுக்கிற காகிதத்தை அவர் தானே படிக்கும்படி, தடவிப் படிக்கிற புள்ளி எழுத்திலோ குரல் பதிவிலோ கொடுக்கணும் என்று சட்டத்தில் இருக்கிறது, இல்லையென்றால் அதிகாரியே சாட்சி வைத்துப் படிக்கணும், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்து வா என்று கொடுத்ததே தப்பு. வேலை மாறினால் ஆளை நீக்க முடியாது, செய்யக்கூடிய வேறு வேலை கொடுக்கணும், ஆனால் இதில் அந்த அம்மா எனக்கு அது வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டிருக்காங்களே என்றார். படித்துக் காட்டியது யாரு என்று கேட்டார். அவங்க பொண்ணு என்றேன். எத்தனை வயசு என்றார். பதினைந்து என்றேன். அவர் என் சீருடையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "புதன்கிழமை ஆணையர் உக்காருவாரு. அந்த அம்மா நேர்ல வந்து மனு குடுக்கணும். அந்தப் பொண்ணும் வந்து, நான் முழுசாப் படிக்கலைன்னு வாயால சொல்லணும். முப்பதாம் தேதிக்குள்ள" என்றார். அந்தப் பொண்ணு ரொம்பப் பயப்படுறா என்றேன். "பயந்தா அவங்க அம்மாவுக்கு வேலை போகும், பயப்படலேன்னா போகாம இருக்கலாம். இதுல நான் எதைக் குறைச்சுச் சொல்ல" என்று சொல்லிவிட்டு டெய்லரின் மனுவுக்குத் திரும்பிவிட்டார்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ போன் செய்து, அம்மா அந்தக் காகிதத்தை டைப்பிஸ்ட் அக்காவிடம் கொடுத்து ஒருதரம் படிக்கச் சொல் என்று உனக்கே தோன்றியது போலச் சொல். அவர் படித்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபிறகு அம்மா என்னை அடித்தாலும் பரவாயில்லை. நான் என் வாயால் சொல்வதுதான் முடியவில்லை. நீயும் தாண்டிப் படித்தவன்தானே, உனக்குப் புரியும்.

இது திங்கள் ராத்திரி. நேற்று மேலே உள்ளதை எழுதிவிட்டு நாட்களை எண்ணினேன். போன கடிதம் உனக்குக் கிடைக்கப் பதினாலு நாள் ஆனது. இன்றைக்குப் பத்தொன்பது. இது உன் கைக்கு வரும்போது முப்பதாம் தேதி தாண்டிப் போயிருக்கும். எழுத ஆரம்பிக்கும்போதே இது எனக்குத் தெரியும் அண்ணா, தெரியாத மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். நாளன்றைக்குப் புதன்கிழமை. அதை விட்டால் இன்னும் ஒரு புதன்தான் இருக்கிறது.

அம்மாவிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் படிக்க வரும், எட்டு வயதிலிருந்து அவளுக்குப் படித்துத்தானே பழக்கம். நாளைக் காலை டீ குடித்ததும், அம்மா ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தைப் படிக்கிறேன் கேளு என்று சொல்லி, முதல் வரியிலிருந்து இந்த வரி வரைக்கும் படிக்கப்போகிறேன். தட்டைப் பற்றி, முழங்கையைப் பற்றி, போலீஸைப் பற்றி, எல்லாம். நடுவில் நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது, அதனால் நிறுத்தமாட்டேன்.

மகனே, அம்மா சொல்வது, வியாழக்கிழமை. நான் சொல்வதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன், இவளைப் பற்றிச் சொல்வதையும் சேர்த்து. செவ்வாய்க்கிழமை காலையில் இவள் அரைமணி நேரம் படித்தாள். டீ ஆறிவிட்டது. முடித்ததும் போய்க் குளி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு முழுக்க இவளோடு பேசவில்லை. அடித்தால் தேவலை என்று எழுதியிருக்கிறாள், அந்தச் சலுகையை நான் ஏன் கொடுக்க வேண்டும். இந்த வீட்டில் சுவர் எங்கே, அடுப்பு எங்கே, கதவு எங்கே என்று எல்லாம் எனக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி எழுந்து நடந்தபோது நாற்காலியில் இடித்துக்கொண்டேன், அது எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது.

புதன்கிழமை இருவரும் போனோம். முப்பத்தாறு படி, நடுவில் ஒரு திருப்பம். கீழே அந்த டெய்லர் அன்றைக்கும் உட்கார்ந்திருந்தார், மேல போறவங்க என் மனுவையும் எடுத்துப் போங்கம்மா, கிளார்க் அம்மாவுக்கு முழங்கால் வலியாம் என்றார். லிப்ட் இல்லையென்று அவர் கொடுத்த மனுவை லிப்ட் இல்லாத படியில் நான் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஆணையர் மெதுவாகப் பேசுகிறவர், பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். இவளிடம் முழுவதும் படித்தாயா என்று கேட்டார். இல்லை, இரண்டு பக்கம் தாண்டிவிட்டேன் என்றாள். ஏன் என்றார். மறுநாள் பரீட்சை, எப்போதும் அப்படித்தான் என்றாள். அறை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். போலீஸ் வரவில்லை. பதினைந்து வயதுக் குழந்தையின் கையெழுத்தைச் சாட்சியாக வாங்கியவரைத்தான் நான் கேட்க வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த நீங்கள் கேட்கவேண்டாமா என்றார். கேட்டேன் ஐயா, எல்லாம் படிச்சியா என்று கேட்டேன், என்ன படிச்சே என்று கேட்கவில்லை என்றேன். அதைச் சொன்னபோதுதான் எனக்கே அது காதில் விழுந்தது.

நல்ல சேதியாகச் சொல்லி முடிக்க ஆசைதான், ஆனால் இருப்பதைச் சொல்கிறேன். மனுவை வாங்கிக்கொண்டார்கள், முத்திரை போட்ட ரசீது கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நோட்டீஸ் போகும், விசாரணை அடுத்த மாதம் பதினோராம் தேதி. அதுவரை என்னை விடுவிக்கக் கூடாது என்று உத்தரவு கேட்டோம், எதிர்த்தரப்பைக் கேட்காமல் போட முடியாது என்றார். ஆக, முப்பதாம் தேதி அவர்கள் போ என்றால் போக வேண்டியதுதான். ஆனால் படி இறங்கும்போது கிளார்க் அம்மா, போகவேண்டாம், ஒன்றாம் தேதியும் போய் உங்கள் இடத்தில் உட்காருங்கள், எழுந்திருக்கச் சொன்னால் எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள், அதையும் புள்ளி எழுத்தில் கேளுங்கள் என்று சொன்னார். இன்றைக்குப் போனேன். போர்டைக் கழற்றி எடுத்துவிட்டார்கள், சுவரில் ஒயர் நுனிகள் கைக்குத் தட்டுப்படுகின்றன. நாற்காலி இருக்கிறது. நோட்டீஸுக்கு முன்னாலேயே சேதி எட்டிவிட்டது போலிருக்கிறது, சாவிக்கொத்து வந்து, "பெத்த பொண்ணையே பொய் சொன்னான்னு ஆபீஸ் ஏறிச் சொல்லியிருக்கீங்க, நல்ல தாய்தான்" என்றார். அவள் சொன்ன பொய்யை அவளே சொல்லிவிட்டாள், உங்களுடையதை எப்போ சொல்றீங்க என்று கேட்டேன். சாவிச் சத்தம் வராந்தாவில் தள்ளிப் போனது. டைப்பிஸ்ட் அக்கா இன்று ஹெட்போன் தரவில்லை. கேட்டேன், மறந்து வந்துவிட்டேன் என்றாள். அவளுக்கும் குழந்தை குட்டி இருக்கிறது. பதினோராம் தேதி வரைக்கும் வெறும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று இனிமேல்தான் பழக வேண்டும்.

இவள் மேல் கோபம் இன்னும் போகவில்லை, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரு குழந்தை தலையில் வைத்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஏழு வருஷமாக அதை வைத்தவள் நான். வாரம் தவறாமல் சட்டம் பேசி மஞ்சள் கல் வாங்கினவள், வீட்டுக்கு வருகிற காகிதத்துக்கு மட்டும் உரிமை கேட்கவில்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். இனி எனக்கு வரும் எதுவும் நான் படிக்கும்படி வரவேண்டும் என்று பேங்குக்கும் மின்சார ஆபீசுக்கும் இந்த வாரமே எழுதப்போகிறேன். இவள் பரீட்சைக்குப் படிக்கட்டும். நேற்று தட்டில் மிச்சம் வைக்கவில்லை, அதுவரைக்கும் சரி.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். உன் வேலையும் உன் கையும் காலும் குறையில்லாமல் இருக்க வேண்டும், நீ எடுத்து வைக்கிற அடியெல்லாம் உனக்கு நல்லதாகவே அமைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன். இங்கே நடப்பதை நினைத்து லீவு போட்டுக் கிளம்பி வராதே, வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பதால் ஒன்றும் ஆகாது.

ஒன்று மட்டும் மறக்காதே. இவள் தாண்டியது இரண்டு பக்கம், அது தெரிந்துவிட்டது. நீ ஆறு வருஷம் எனக்குப் படித்தாய். உன் அப்பாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள், இந்த வீட்டு ஒப்பந்தம், நீ வெளிநாடு போகும்போது என்னிடம் வாங்கிய கையெழுத்துகள் எல்லாம் உன் வாய் வழியாகத்தான் எனக்குத் தெரியும். அவற்றில் எதை எதைத் தாண்டினாய் என்று நினைவிருக்கிறவரை எழுதி அனுப்பு. கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா